பெயர் எழுதாத ஓவியம்

கீழ்க்காணும் பகுதியை வாசித்துக் கருத்துணர்க.

மாணவர்களே, ஒரு சூழலைக் கற்பனை செய்து பார்ப்போம்.

போர்ட் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீடு. அங்கு வசிக்கும் நான்காம் படிவ மாணவி ஒருத்திக்கு ஓவியம் வரைவதில் தீராத ஆர்வம். அவளுடைய தாத்தா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஊர்ப்பெயர் 1972ஆம் ஆண்டிலேயே மாறிவிட்டபோதும், கடைசிவரை அதனைப் ‘போர்ட் சுவெட்டன்ஹம்’ என்றே சொல்லி வந்தவர். அவர் காலமான பிறகு, அவர் வேலை செய்த கோலத்தில் ஒரு புகைப்படம்கூட வீட்டில் இல்லை என்பது தெரிய வந்தது. ஆகவே, அவர் சொன்ன கதைகளை நினைவில் கொண்டு பேத்தி அவரை வரைந்தாள். தலையில் சிவப்புத் துண்டு. தோளில் சணல் மூட்டை. பின்னால் ஒரு கப்பல். ஓரத்தில் கெத்தாம் தீவுக்குப் புறப்படும் படகு. வரைந்து முடிக்க மூன்று வாரங்கள் ஆயின.

அவ்வோவியம் பள்ளிக் கண்காட்சியில் இடம்பெற்றது. தோழி ஒருத்தி அதனைக் கைப்பேசியில் படமெடுத்துப் புலனக் குழுவில் பகிர்ந்தாள். பலரும் பாராட்டினர். அதை அவர்கள் மேலும் பலருக்கு அனுப்பினர்.

புத்தாண்டு பிறந்தது. மளிகைக் கடையிலிருந்து அம்மா ஒரு நாள்காட்டியைக் கொண்டு வந்தார். அதனை விரித்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது. அதில் தாத்தா இருந்தார். அதே சிவப்புத் துண்டு, அதே கப்பல். ஆனால், தோளிலிருந்த சணல் மூட்டையின் மேல் ஓர் அரிசி நிறுவனத்தின் முத்திரை ஒட்டப்பட்டிருந்தது. வரைந்தவரின் பெயர் எங்கும் இல்லை.

மறுநாள் அப்பாவும் மகளும் நாள்காட்டியை அச்சிட்ட அச்சகத்திற்குச் சென்றனர்.

“ஐயா, இந்தப் படத்தை வரைந்தது என் மகள். இதில் இருப்பவர் என் அப்பா,” என்றார் தந்தை.

அச்சக உரிமையாளர் திகைத்துப் போனார். “அப்படிங்களா? புலனத்தில் வந்த படம்ங்க. யார் பெயரும் இல்லை. பொதுப் படம்தானே என்று எண்ணிப் போட்டுவிட்டேன். பெயர் இருந்திருந்தால் கேட்டிருப்பேனேம்மா!”

மாணவி தயங்கியபடியே கேட்டாள்: “பெயர் எழுதவில்லை என்றால், அது யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடுமா, ஐயா?”

அவள் கேட்ட கேள்விக்கு விடை தேடுவதே இப்பாடத்தின் நோக்கம்.

உரிமை எப்போது பிறக்கிறது?

மலேசியாவில் படைப்புகளைக் காக்கும் சட்டம், 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆகும். கதை, கவிதை, கட்டுரை, ஓவியம், புகைப்படம், இசை, திரைப்படம், ஒலிப்பதிவு, கணினி நிரல் போன்றவை இச்சட்டத்தின் பாதுகாப்பைப் பெறுகின்றன. அதற்கு இரண்டு நிபந்தனைகள் முக்கியமானவை. ஒன்று, படைப்பாளர் தம் சொந்த உழைப்பைச் செலுத்தி அதனை உருவாக்கியிருக்க வேண்டும். மற்றொன்று, அது எழுத்தாகவோ கோடாகவோ ஒலியாகவோ ஏதேனும் ஒரு வடிவில் பதிவாகியிருக்க வேண்டும்.

இவ்விரண்டும் நிறைவேறிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. விண்ணப்பம் செய்ய வேண்டியதில்லை. கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பெயரைப் பொறிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. படைப்பின் தரமும் நோக்கமும் எப்படி இருந்தாலும் பாதுகாப்பு உண்டு என்று சட்டம் கூறுகிறது. பரிசு பெற்ற நாவலுக்கு எந்த உரிமை உண்டோ, அதே உரிமை ஒரு மாணவர் தம் பயிற்றிப் புத்தகத்தில் எழுதிய கவிதைக்கும் உண்டு.

ஆகவே, அம்மாணவியின் கேள்விக்கு விடை, ‘ஆகாது’ என்பதே. பெயர் எழுதாவிட்டாலும் ஓவியம் அவளுடையதுதான்.

இங்கு இன்னொன்றையும் கவனியுங்கள். சட்டம் எண்ணத்தைக் காப்பதில்லை. எண்ணத்தின் வெளிப்பாட்டையே காக்கிறது. ‘துறைமுகத் தொழிலாளியை வரையலாம்’ என்ற எண்ணம் யாருக்கும் வரலாம். அந்த எண்ணத்தோடு யார் வேண்டுமானாலும் தமக்குரிய முறையில் வரையலாம். ஆனால், அவள் வரைந்த அந்தக் கோடுகளையும் வண்ணங்களையும் அனுமதியின்றி எடுத்து அச்சிடக் கூடாது.

கொள்கலன் கற்றுத்தரும் பாடம்

உரிமை தானாகவே பிறந்துவிடுகிறது என்றால், புத்தகங்களில் ‘©’ என்னும் குறியை ஏன் போடுகிறார்கள்? உங்கள் பாடநூலின் முன்பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். அங்கேயும் ‘ஹக் சிப்தா தெர்பெலிஹாரா’ என்ற தொடர் மலாய்மொழியில் இருக்கும். உரிமை பாதுகாக்கப்பட்டது என்பது அதன் பொருள். தேவையில்லாத ஒன்றை இவ்வளவு கவனமாக அச்சிடுவார்களா?

விடையைப் போர்ட் கிள்ளான் துறைமுகத்திலேயே காணலாம். அங்கு அடுக்கி வைக்கப்பட்டுள்ள ஒவ்வொரு கொள்கலனின் மீதும் நான்கு எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். முதல் மூன்று எழுத்துகள் அந்தக் கொள்கலன் எந்த நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதைக் காட்டும். அவ்வெழுத்துகளைத் தீட்டியதால் கொள்கலன் அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாகவில்லை. எழுத்து அழிந்துபோனால் உரிமை பறிபோவதும் இல்லை. ஆனால், ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே, எழுத்து அழிந்த ஒரு பெட்டியின் உரிமையாளரை எப்படிக் கண்டுபிடிப்பது? யாரிடம் கேட்பது? யாரிடம் ஒப்படைப்பது?

பதிப்புரிமைக் குறிப்பும் அத்தகையதே. அது உரிமையை உருவாக்குவதில்லை. உரிமை யாருடையது என்பதை உலகுக்கு அறிவிக்கிறது. கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிச் செல்லும் ஒரு படம், கப்பலுக்குக் கப்பல் மாறும் கொள்கலனைப் போன்றது. அது எங்கே போனாலும், உடைமையாளரின் பெயர் அதனோடு போக வேண்டும்.

ஒரு வரியின் வலிமை

இந்தக் குறிப்பினால் மூன்று பயன்கள் உண்டு.

முதலாவது, அது நேர்மையான மனிதருக்கு வழி காட்டுகிறது. ‘பெயர் இருந்திருந்தால் கேட்டிருப்பேனே’ என்று அச்சக உரிமையாளர் சொன்னதில் உண்மை இருக்கலாம். அனுமதி கேட்க விரும்புவோருக்கு யாரைக் கேட்பது என்பது தெரிய வேண்டும்.

இரண்டாவது, அது சான்றாக நிற்கிறது. ஒரு படைப்பின் மீது படைப்பாளர் என யாருடைய பெயர் காணப்படுகிறதோ, மாறாக நிறுவப்படும்வரை அவரையே படைப்பாளராகக் கொள்ள வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் கூறுகிறது. பெயர் இருந்தால், ‘இது என்னுடையது’ என்று நீங்கள் மெய்ப்பிக்க வேண்டிய சுமை குறைகிறது. ‘இது உன்னுடையதன்று’ என்பவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, அது சாக்குப்போக்கை அடைக்கிறது. ஒருவர் உரிமை மீறல் என்பதை உண்மையிலேயே அறியாமலும், ஐயுறுவதற்குக் காரணம் இல்லாமலும் ஒரு படைப்பைப் பயன்படுத்தியிருந்தால், உரிமையாளர் பெறக்கூடிய நிவாரணம் அதனால் பாதிக்கப்படலாம். தெளிவான குறிப்பு கண்முன் இருக்கும்போது, ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது எளிதன்று.

குறிப்பை வேண்டுமென்றே நீக்குவதும் தவறே. மின்னணுப் படைப்போடு இணைந்துவரும் உரிமைத் தகவலை அனுமதியின்றி நீக்குவதையும் மாற்றுவதையும் நம் சட்டம் தடுக்கிறது. அத்துடன், படைப்பாளரின் பெயரைக் குறிப்பிடாமல் படைப்பை வெளியிடுவதும், அவருடைய மதிப்பைக் குலைக்கும் வகையில் படைப்பைச் சிதைப்பதும் படைப்பாளரின் தார்மீக உரிமையை மீறும் செயல்களாகும். தாத்தாவின் மூட்டை மேல் ஒட்டப்பட்ட அரிசி முத்திரையை இப்போது எண்ணிப் பாருங்கள். அம்மாணவியை வருத்தியது பணம் கிடைக்காதது அன்று. தாத்தாவின் உழைப்பு ஒரு விளம்பரமாக மாறியதுதான்.

‘©’ கடந்து வந்த பாதை

இக்குறி எல்லாக் காலத்திலும் வெறும் அறிவிப்பாக மட்டும் இருந்ததில்லை. 1886ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் உருவான பெர்ன் உடன்படிக்கை, 1908ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபோது, சடங்குமுறைகள் எதுவுமின்றியே படைப்பாளருக்கு உரிமை உண்டு என்ற கொள்கையை ஏற்றது. ஆனால், அமெரிக்கா நெடுங்காலம் அதில் சேரவில்லை. அங்கு முறையான குறிப்பு இல்லாமல் வெளியிடப்பட்ட படைப்பு தன் உரிமையையே இழந்துவிடும் நிலை இருந்தது.

1968ஆம் ஆண்டில் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்ற திகில் படத்துக்கு அதுவே நேர்ந்தது. படத்தின் தலைப்பை விநியோகிப்பாளர் கடைசி நேரத்தில் மாற்றினார். பழைய தலைப்போடு இருந்த பதிப்புரிமைக் குறிப்பு, புதிய தலைப்பில் விடுபட்டுப் போனது. படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால், யார் வேண்டுமானாலும் அதனைப் படியெடுத்து விற்க முடிந்தது. உழைத்து உருவாக்கியவர்களுக்கு உரிய வருவாய் கிட்டவில்லை. ஒற்றை வரி விடுபட்டதன் விலை அது.

1952ஆம் ஆண்டு ஜெனிவாவில் உருவான உலகப் பதிப்புரிமை உடன்படிக்கை, ‘©’ என்ற குறி, உரிமையாளர் பெயர், முதலில் வெளியிட்ட ஆண்டு ஆகிய மூன்றையும் கொண்ட ஒரு பொதுவான வடிவத்தை நாடுகளுக்கிடையே நிலைநிறுத்தியது. அமெரிக்கா 1989ஆம் ஆண்டிலும், மலேசியா 1990ஆம் ஆண்டிலும் பெர்ன் உடன்படிக்கையில் இணைந்தன. இன்று குறிப்பு கட்டாயமில்லை. ஆயினும், அந்த மூன்று உறுப்பு வடிவமே இன்றளவும் வழக்கில் உள்ளது.

குறிப்பை எழுதுவது எப்படி?

‘©’ என்ற குறியை இடுங்கள். முதலில் வெளியிட்ட ஆண்டை எழுதுங்கள். உங்கள் முழுப்பெயரை எழுதுங்கள். ‘எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்ற தொடரைச் சேர்ப்பது வழக்கம். அனுமதி கேட்போர் தொடர்புகொள்ள ஒரு வழியைப் பள்ளியின் மூலமாகவோ பெற்றோரின் மூலமாகவோ தரலாம். உங்கள் வீட்டு முகவரியை எழுத வேண்டியதில்லை.

குறிப்பு கதவைச் சாத்துவதற்கு மட்டும் பயன்படுவதில்லை. திறந்து வைக்கவும் பயன்படும். ‘பெயரைக் குறிப்பிட்டுக் கல்விக்காகப் பயன்படுத்தலாம், வணிகத்திற்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று நீங்களே எழுதலாம். தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளும், வணிகப் பயன்பாட்டைத் தடுக்காத ஒரு திறந்த உரிமத்தின் கீழ்தான் வெளியிடப்படுகின்றன. பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயும் உண்டு.

ஓவியத்தின் மூலப்படியையும், வரைந்த காலத்து முன்வரைவுகளையும், தேதியுள்ள கோப்புகளையும் பத்திரப்படுத்துங்கள். இன்னும் உறுதியான சான்று வேண்டுமெனில், பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்திடம் படைப்பைப் பற்றித் தன்விருப்ப அறிவிப்புச் செய்யலாம். 2012ஆம் ஆண்டு முதல் இந்த வசதி உள்ளது. இது கட்டாயம் இல்லை. எனினும், கழகத்தின் பதிவேட்டிலிருந்து பெறப்படும் சான்றளித்த பகுதி நீதிமன்றத்தில் தொடக்கநிலைச் சான்றாக ஏற்கப்படும்.

மற்றொரு சொல்லையும் இங்கே தெளிவாக்கிக்கொள்வோம். பேச்சுவழக்கில் பலர் பதிப்புரிமையைக் ‘காப்புரிமை’ என்கின்றனர். காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்புகளுக்கு வழங்கப்படுவது. அதனை விண்ணப்பித்தே பெற வேண்டும். கவிதைக்குப் பதிப்புரிமை, கருவிக்குக் காப்புரிமை.

குறிப்பு உண்மையாக இருக்க வேண்டும்

பதிப்புரிமைக் குறிப்பு ஓர் அறிவிப்பு என்றோம். அறிவிப்பு பொய்யாக இருக்கலாமா? திரைப்படப் பாடலின் மெட்டுக்கு நீங்கள் புதிய வரிகள் எழுதினால், வரிகள் உங்களுடையவை; மெட்டு இசையமைப்பாளருடையது. இணையத்தில் கிடைத்த புகைப்படத்தின் மீது உங்கள் பெயரைப் பொறித்துவிட்டால், அது உங்களுடையதாகிவிடாது. மேலும், ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் அவருக்காக ஒரு படைப்பை உருவாக்கினால், வேறு உடன்பாடு இல்லாதவரை உரிமை அவருக்கே சேரும் என்பது நம் சட்டம். ஆகவே, பணி தொடங்கும் முன்பே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

உரிமைக்கு எல்லையும் உண்டு. மலேசியாவில் இலக்கியம், இசை, ஓவியம் ஆகியவற்றின் பதிப்புரிமை படைப்பாளரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். அதன்பின் படைப்பு பொதுச்சொத்தாகிறது. உரிமை நடப்பில் இருக்கும்போதும் ஆய்வு, தனிப்பட்ட கல்வி, திறனாய்வு போன்றவற்றுக்கு நியாயமான அளவில் பயன்படுத்தச் சட்டம் இடமளிக்கிறது.

இவ்வெல்லை ஏன் தேவை என்பதைப் பாரதியார் பாடல்களின் வரலாறு உணர்த்தும். பாரதியார் 1921ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய பாடல்களின் உரிமைகள் கைமாறின. திரைப்படத்தில் அவற்றைப் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1948ஆம் ஆண்டில் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியார் பாடல் இடம்பெற்றபோது உரிமைச் சிக்கல் எழுந்தது. மக்கள் கவியின் பாடல் மக்களுக்கே உரியது என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் கொடுத்தனர். மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். 1949ஆம் ஆண்டில், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாண அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை அனைவருக்கும் பொதுவாயின. இன்று ஒரு பதிப்பகம் பாரதியார் கவிதைகளை அச்சிட்டு ‘©’ குறியிட்டால், அது அந்நூலின் முன்னுரை, உரை, அட்டை ஓவியம் போன்ற புதிய பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். பாரதியின் வரிகளுக்குப் பொருந்தாது.

பெயர் தொலைந்த கவிஞர்

பெயரைப் படைப்போடு சேர்த்து வைக்கும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் இறுதிப் பாடலில் தம் பெயரைப் பதித்து வைத்தார். அதற்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். ஆண்டாளும் திருப்பாவையின் இறுதியில் தம் பெயரையும் தந்தையின் பெயரையும் குறித்தார். அவர்கள் காலத்தில் பதிப்புரிமைச் சட்டம் இல்லை. ஆயினும், வாய்மொழியாக ஊர் ஊராகச் சென்ற பாடல்கள், பாடியவர் பெயரையும் தம்மோடு சுமந்து சென்றன.

மறுபுறம், குறுந்தொகையின் நாற்பதாம் பாடலைப் பாருங்கள். உலகெங்கும் போற்றப்படும் அப்பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாடலில் வரும் உவமையைக் கொண்டே அவரைச் ‘செம்புலப்பெயனீரார்’ என்று அழைக்கிறோம். பாடல் வாழ்கிறது, பாடியவரின் பெயர் தொலைந்துவிட்டது.

மீண்டும் நம் கற்பனை மாணவியிடம் வருவோம். அச்சக உரிமையாளர் வருத்தம் தெரிவித்தார். கையிருப்பிலிருந்த நாள்காட்டிகளை விற்பனைக்கு அனுப்பாமல் நிறுத்தினார். ஏற்கெனவே வீடு வீடாகச் சென்றுவிட்டவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. “அடுத்த ஆண்டு இந்தப் படத்தை முறையாகப் போட அனுமதி தருவாயாம்மா? உரிய தொகையைத் தருகிறேன்,” என்று கேட்டார்.

“தருகிறேன், ஐயா. ஆனால் மூட்டையில் எந்த முத்திரையும் வேண்டாம்,” என்றாள் அவள்.

வீடு திரும்பியதும் மூல ஓவியத்தை எடுத்தாள். வலப்பக்க மூலையில், கப்பலின் நிழலுக்குக் கீழே, சிறிய எழுத்தில் ‘©’ என்ற குறியையும் ஆண்டையும் தன் பெயரையும் எழுதினாள். சற்று யோசித்தாள். பிறகு, அதன் மேல் தாத்தாவின் பெயரையும் எழுதினாள். வரைந்தவர் யார் என்பது மட்டும் போதாது, வரையப்பட்டவர் யார் என்பதும் தெரிய வேண்டுமல்லவா?

கருத்துணர்வோம்

1. ஒரு படைப்புக்குப் பதிப்புரிமை கிடைப்பதற்குரிய நிபந்தனைகள் இரண்டனைக் குறிப்பிடுக.

2. பதிப்புரிமைக் குறிப்பைக் கொள்கலனில் உள்ள எழுத்துகளோடு ஒப்பிடுவது பொருத்தமானதா? காரணத்துடன் விளக்குக.

3. அச்சக உரிமையாளரின் செயலில் எவை தவறு, எவை பாராட்டத்தக்கவை? உன் கருத்தை எழுதுக.

4. பாரதியார் பாடல்களின் உரிமை மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டது சரியான முடிவா? குழுவில் கலந்துரையாடுக.

5. நீ அண்மையில் உருவாக்கிய ஒரு கவிதை, ஓவியம் அல்லது புகைப்படத்தைத் தேர்ந்தெடு. அதற்குப் பொருத்தமான பதிப்புரிமைக் குறிப்பை எழுதுக. பிறர் அதனை எவ்வாறு பயன்படுத்தலாம் என்பதையும் இரண்டு வாக்கியங்களில் குறிப்பிடுக.